மஸ்கட் கேசட்

"இதுலயும் நம்ம குரல்தாம்மா!" டேப் ரெக்கார்டரைப் படக்கென்று நிறுத்தினான் ரூபன்.

மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து அங்கேயே இறந்துபோன அப்பா லாசரஸுக்கு, நாளை சேலையூர் வீட்டில் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். அதில் அவர் குரலை ஒலிக்கவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவர் பெட்டியோடு வந்த கேசட்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

"அவர் பேசி அனுப்புவாரு. நாம அதே கேசட்ல, அவர் பேச்சு மேலயே பேசித் திருப்பி அனுப்பிடுவோம். அவர் நம்ம குரலைப் பத்திரமா வச்சிருக்காரு. நாம அவர் குரலை அழிச்சுட்டோம்மா!"

அம்மா தபீதாள் கடைசி கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"...வாட்ச் மறந்துடாதீங்கப்பா" என்று அவனுடைய சின்ன வயதுக் குரல் முடிந்தது. எரிச்சலோடு நிறுத்தப் போனான்.

"இருடா, ஓடட்டும்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, அவர்கள் பேசி முடித்த இடத்துக்கு அப்பால் அழியாமல் மிச்சமிருந்த லாசரஸ் பேசினார்.

"...புது கேசட் தேடி அலையாத தபீதா. இதுலயே என் பேச்சை அழிச்சுட்டு நீங்க பேசி அனுப்புங்க. பசங்க குரலைக் கேட்டாத்தான் எனக்கு இங்க டூட்டியே ஓடுது."