நீலத்துக்கு அடியில் சிவப்பு

கேமிங் அணியின் பயிற்சி அறையில், திரையிலிருந்த வரைபடம் அம்மை போட்ட முகம் மாதிரி சிவந்து கிடந்தது. ஒவ்வொரு புள்ளியும் இந்த சீசன் ஆட்டங்களில் ஜெபராஜ் சுடப்பட்டுச் செத்த இடம்.

“டீம்லயே அதிகமா செத்தவன் நீதான். மூட்டையைக் கட்டு,” என்றான் கேப்டன் திலீபன். எதிரிகளை அதிகம் சுட்டதற்கான கோப்பை அவன் மடியில் இருந்தது.

ஜெபராஜ், புள்ளிவிவரம் பார்க்கும் சர்மிளாவிடம், “இவன் சுட்டு எதிரிங்க விழுந்த இடங்களையும் இதுமேலயே போடுங்க,” என்றான்.

அவள் தயங்கித் தயங்கித் தட்டினாள். நீலப் புள்ளிகள் வந்து இறங்கின. ஒரு சிவப்புகூட மிச்சமில்லாமல் எல்லாம் அவற்றுக்கு அடியில் மறைந்துபோயின.

“உள்ள போடா போடான்னு என்னை முன்னாடி தள்ளிவிட்டுட்டு, என்னைச் சுட வந்தவனை எல்லாம் பின்னாடி நின்னு நீ சுட்டிருக்கே.”

“அதுக்குத்தானேடா உன்னை வச்சிருந்தேன்,” என்றான் திலீபன், கொஞ்சமும் கூசாமல்.

ஜெபராஜ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். கதவைத் தொடும்போது பின்னாலிருந்து கேப்டனின் குரல் கேட்டது.

“யாராவது ஒருத்தன் இவன் சீட்டுக்கு வாங்கடா.”

திரும்பிப் பார்த்தான். அணியின் மற்ற மூன்று பேரும் அவரவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்கள்.