அஞ்சாவது சீட்

"உக்கார வரலடா. ஷெட்டுச் சாவியை வாங்கீட்டுப் போக வந்தேன்" என்று கத்திக்கொண்டே தோளில் துண்டோடு உள்ளே நுழைந்தார் வெள்ளியங்கிரி.

ஆறு லாரிக்குச் சொந்தக்காரர். எண்பத்து மூன்றாம் வருஷத்துப் புதுச்சத்திரத்தில் ஒரு லாரி வைத்திருப்பவருக்குப் பாதி உலகம் தெரியும். ஆறு வைத்திருப்பவருக்குத் தெரியாததே கிடையாது. அப்படி ஏதாவது இருந்தாலும் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

"வாங்க மாமா" என்று எழுந்தான் வேலுமணி, அவருடைய தங்கை மகன். லாரி டிரைவர்களுக்குப் புது மாதிரி சீட் செய்து விற்கப் போவதாகச் சொல்லி, மூன்று மாதத்துக்கு மாமாவின் ஷெட்டைக் கேட்டு வாங்கியிருந்தான். இன்றோடு கெடு முடிகிறது. நாளை முதல் அவருடைய லாரி ஆபீஸில் டெலிபோன் எடுக்க உட்கார வேண்டும்.

ஷெட் முழுக்கத் தேங்காய் நாரும், வாராக அறுத்த பழைய லாரி டியூப்பும் இறைந்து கிடந்தன. ஜமக்காளம் போர்த்திய ஒரே ஒரு இடம்தான் உட்காரத் தோதாக இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா என்னத்தைக் கிழிச்சே?"

"மொத மாசம் லாரியில போனனுங்க மாமா, நாக்பூர் வரைக்கும். டிரைவருங்க எப்படி உக்கார்றாங்கன்னு பாத்து நோட்டுல படம் போட்டு எழுதினேன்."

"அடடா! ஓட்டறவன் முதுகைப் பாக்க நாக்பூர் போனானாம். ஏன், நம்மூர்ல முதுகே கெடைக்கலையா?"

"சீட் எப்படியிருக்குதுன்னு கேட்டா 'நல்லாத்தானுங்க இருக்குது'ன்னு மரியாதைக்குச் சொல்லிப்போடறாங்க. ஆனா செத்த நேரத்துல தோள்ல கெடக்கற துண்டை எடுத்து மடிச்சு முதுகுக்குப் பின்னால சொருகிக்கறாங்க. அதுக்கப்பறம் நான் கேக்கறதையே உட்டுப்போட்டனுங்க. துண்டைத்தான் பாக்கறேன்."

வெள்ளியங்கிரி சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன ஆள் திரும்பிப் பார்த்தான்.

"துண்டைப் பாத்து யாவாரம் பண்றானாம்! ஊருக்குள்ள சொல்லீறாதடா, என்ற மானம் போயிரும்."

காபி கொண்டு வந்த சௌந்திரம், அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே ஒரு கணம் நின்றாள். மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"அம்மிணி, உன்ற பையன் சாக்குப் பையில சீட் தெச்சானாமா, கேட்டியா?"

"அது மொத சீட்டுங்க மாமா" என்றான் வேலுமணி. "ரொம்பச் செலவு பண்றதுக்கு முன்னால சும்மா செஞ்சு பாத்தது. அதுல அரை மணி நேரம் துண்டு தோள்ல இருந்துச்சு. நாலாவதுல ஒன்னேகால் மணி நேரம். இப்ப அஞ்சாவது."

"ஒன்னை ஒழுங்காச் செய்யத் தெரியாதவன் அஞ்சு செஞ்சானாம்! முதுகு வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? இருவது வருசம் ஸ்டீரிங் புடிச்சவன்டா நான். இன்னைக்கும் பத்து நிமிசம் ஒரு எடத்துல உக்கார முடியாது. கல்யாணப் பந்தியிலயே பாதியில எந்திரிச்சு நாலு பேருகிட்டப் பேச்சு வாங்கறேன். அதுக்காக நோட்டைத் தூக்கீட்டுப் படம் வரையப் போனனா? பல்லைக் கடிச்சுட்டு ஓட்டுனேன், ஆறு லாரி வாங்கினேன்."

"ஆமாங்க மாமா."

"எந்த மொதலாளிடா டிரைவர் முதுகுக்குச் செலவு பண்ணுவான்? உன்ற சீட் வேணும்ங்கற மொதலாளி ஒருத்தனை, ஒரே ஒருத்தனைக் காட்டு. இந்த ஷெட்டை நீயே வெச்சுக்க."

"காட்டறனுங்க. செத்த இருங்க மாமா."

இருக்கச் சொல்ல வேண்டுமா என்ன? திட்டுவதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்தது. அவன் படித்த படிப்பைத் திட்டினார். படிக்க வைத்த தங்கையைத் திட்டினார். கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பையனை வாயாரப் புகழ்ந்தார். அவன் பண்ணை ஆரம்பித்தபோது இதே வாய்தான் அவனையும் திட்டியது. காபிக்குப் பிறகு மோர் வந்தது. வெளியே சேலம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வெயில் சாய்ந்து ஷெட்டுக்குள் வந்துவிட்டது.

ஒரு வழியாக அவருக்கே தொண்டை வறண்டது.

"எங்கடா உன்ற மொதலாளி? ஆரும் வரல. வரவும் மாட்டான். சாவியைக் கொண்டா."

வேலுமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டைத் திறந்து ஏதோ எழுதினான். பிறகு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"இந்தாங்க மாமா. செத்த எந்திரிச்சீங்கன்னா, அந்த ஜமக்காளத்துக்கு அடியில இருக்கற அஞ்சாவது சீட்டை மட்டும் எடுத்துக்கறேன். ரெண்டே கால் மணி நேரம் ஆச்சு, உங்க துண்டு இன்னும் தோள்லயே இருக்குது."

வெள்ளியங்கிரியின் கை தானாகத் தோளுக்குப் போனது. தங்கையை முறைத்தார். மருமகனை முறைத்தார். சாவியை அவன் மேலேயே விட்டெறிந்தார், எழுந்திருக்கத்தான் இல்லை.