கடைசிக் கட்டம்

பாலம் எங்கே வரவேண்டும் என்று எழுத வேண்டிய தாள் ஜீப் பானட்டின் மேல் விரித்துக் கிடந்தது. அது காற்றில் பறந்துவிடாமல் டிரைவர் சத்தார் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதம். ஆற்றில் மணல்தான் இருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆறு வருஷத்தில் பாதி நாள் இப்படித்தான், ஒன்றும் தெரியாத சாது மாதிரி கிடக்கும்.

பாலத்துக்கு இரண்டு இடம் பார்த்திருந்தார்கள். ஒன்று, அக்கரை ஊர்க்காரர்கள் காலங்காலமாக இறங்கி நடக்கிற துறை. இன்னொன்று, மேற்கே ஒரு மைல் தள்ளி இருக்கிற பாறை.

துறையில் ஆறு அகலம். மணலைத் தோண்டிக்கொண்டே போனால்தான் கெட்டித் தரை வரும். பாறையிலோ ஆறு குறுகல், அஸ்திவாரத்துக்கு ஆண்டவனே தளம் போட்டு வைத்திருந்தான்.

தாளை அனுப்பியது மெட்ராஸ் ஆபீஸ். தரைக்கு இத்தனை மார்க், அகலத்துக்கு இத்தனை, செலவுக்கு இத்தனை, நடக்கிற ஜனத்துக்கு இத்தனை. எல்லாவற்றையும் கூட்டினால் பாறை ஜெயித்தது. கொஞ்சம்தான் ஜெயித்தது.

கடைசிக் கட்டம் மட்டும் காலி. 'இன்ஜினீயரின் சொந்த அபிப்பிராயம்.'

நேரில் பார்த்தவனுக்குத் தெரிவதெல்லாம் எண்களுக்குத் தெரியாது என்று மெட்ராஸில் யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் சேர்த்த கட்டம் அது. அதில் துறைக்குக் கூடுதலாகப் போட்டால் பாலம் துறைக்கு வந்துவிடும்.

இன்ஜினீயர் வேதாசலம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தாலுகாவில் அவர் கட்டிய பாலம் ஒன்றுகூட ஆடியதில்லை. எந்தப் பாலத்தில் ஜனம் நடக்கும், எதை வெயிலில் காயவிட்டுவிட்டுக் குறுக்கே இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அக்கரைப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டுக் கூட்டமாக வந்து நின்றார்கள். அவர்களில் வாயாடி கன்னியம்மாள். அன்றைக்கு அவளும் பேசவில்லை. பின்னால் நின்ற ஒருத்தியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

அவள் வரலட்சுமி. அந்த ஊர்ப் பெண், வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். போன ஐப்பசியில் தாய்வீட்டுத் தீபாவளிக்கு வரும்போது இந்தத் துறையில்தான் தண்ணீர் அவள் கையிலிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் பாலம் என்ற பேச்சே எழுந்தது.

இவள் கேட்டால் மனுஷர் தட்டமாட்டார் என்று ஊர் நம்பியது.

"பாறையாண்ட கட்டினா யாரும் அம்மாந் தூரம் சுத்திகினு போவ மாட்டாங்க. தண்ணி வந்தாலும் இங்கதான் எறங்குவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

வேதாசலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

பேனா துறையின் கட்டத்துக்கு நேராகப் போய் நின்றது. அந்த நிமிஷம் அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

பிறகு இரண்டு இடத்துக்கும் சரிசமமாகப் போட்டார்.

சத்தார் எட்டிப் பார்த்தார். கட்டத்தை நிரப்பாமலே விட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றுதான்.

பாறைதான் என்று வேதாசலம் பெண்களிடம் சொன்னார். காரணம் சொல்லவில்லை. கன்னியம்மாள் மணலில் காறித் துப்பிவிட்டு நடந்தாள். கல்நெஞ்சு என்று யாரோ சொன்னது அவர் காதில் விழாமலில்லை.

தாளை உறையில் போட்டு ஒட்டினார். அன்றைய தபாலிலேயே சேர்த்துவிடும்படி சத்தாரிடம் கொடுத்து ஜீப்பை அனுப்பிவைத்தார்.

அவர் அதில் ஏறவில்லை. சர்க்கார் ஜீப்பில் பெண்சாதியை ஏற்றிக்கொள்கிற வழக்கம் வேதாசலத்துக்கு என்றைக்கும் கிடையாது.

வரலட்சுமி முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார்.

பொதட்டூர்பேட்டை வழியாக வந்த பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திருத்தணி மலைக்கோயில் கண்ணில் பட்டபோது வேதாசலம் சொன்னார்:

"எழுதறப்போ இன்ஜினீயர் எவன், அவ அப்பன் எவன்னு எனக்கே பிரிச்சுப் பாக்க முடியல லட்சுமி. அப்பனுக்கு மார்க் போடற அதிகாரம் இல்ல."

வரலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னாத்துக்குப் பிரிக்கணும்? ரெண்டு பேரும் தொறைன்னுதானே சொன்னாங்க."