தூண்கள் ஓய்வெடுத்த நேரம்

“வெளிய நிக்கிறவனுக்கெல்லாம் காலு வேர் விட்டுருச்சு. எறங்கலாமா வேண்டாமா, ஏ கம்ப்யூட்டரு?”

வாசலில் நின்ற சுரங்க மேஸ்திரி திரையைப் பார்த்துத்தான் கேட்டார். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த கணக்குக்காரியை அல்ல.

சுரங்கக் கூரையைத் தாங்கும் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர். சுமை எவ்வளவு என்று மணிக்கொரு முறை எண் அனுப்பும். அவள் பார்த்துச் சரி என்றால்தான் ஆள் இறங்கலாம்.

வந்த அட்டவணையில் குறுக்கு வரிக்கு ஒரு மணி நேரம், நெடுக்குப் பத்திக்கு ஒரு தூண். மென்பொருளுக்கோ வரிக்கு ஒரு தூண் வேண்டும். அளவு பொருந்தவில்லை என்று முரண்டு பிடித்தது.

அவசரத்தில், அளவை மாற்றும் ‘ரீஷேப்’ கட்டளையை அடித்தாள். அடங்கிவிட்டது.

சராசரி பார்த்தாள். எல்லாத் தூணிலும் ஏறக்குறைய ஒரே சுமை. ஒரு வம்பும் இல்லை.

சரி சொல்ல வாயெடுத்தவளின் கண்ணில் அந்தப் பூஜ்யங்கள் பட்டன.

விடியற்காலையில், அத்தனை தூணிலும் ஒரே நேரத்தில் சுமை பூஜ்யம்.

சொல்லிவைத்தாற்போல் எல்லாத் தூணும் சுமையை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிற்றா? போயிருந்தால் கூரை இந்நேரம் தரையில் அல்லவா கிடக்கும்!

வந்த அட்டவணையை மறுபடி திறந்து பார்த்தாள்.

ஒரு தூணின் மீட்டர் முந்தாநாளே செத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். பூஜ்யமெல்லாம் அந்த ஒரு தூணின் வரியில்தான் இருக்க வேண்டும். ரீஷேப் அட்டவணையைத் திருப்பவில்லை. எண்களை உதிர்த்து, புது அளவுப் பெட்டியில் வாரிக் கொட்டியிருந்தது. யார் சுமை யார் தலையில் என்றே தெரியாமல்.

வரியைப் பத்தியாகவும் பத்தியை வரியாகவும் திருப்பும் ‘ட்ரான்ஸ்போஸ்’ கட்டளையை மாற்றி அடித்தாள்.

அட்டவணை அப்படியே புரண்டு படுத்தது. பூஜ்யங்கள் ஒரே வரியில் போய் ஒதுங்கின. அதற்கு அடுத்த தூணில் சுமை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று கையைக் காட்டினாள். செத்துப்போன மீட்டருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

மேஸ்திரி முனகிக்கொண்டே ஆட்களை மேலேயே நிறுத்தினார். தான் மட்டும் இறங்கி, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

சுமை ஏறிய அந்தத் தூண் வில்லாய் வளைந்திருந்தது.

வாசலில் நின்றார். வியர்வையைத் துடைத்தார். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை.

“நாளைக்கும் நீதாம்மா பாக்கணும், மருமகளே. நீ சொல்லாம ஒருத்தனும் எறங்க மாட்டான்.”

அவர் வேண்டாமென்ற கல்யாணம் முடிந்து மூன்று வருடம். அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.