தன்மேல் முதலீடு செய்யாதவள்

அந்த ஆயத்த ஆடை ஆலையில் புதிதாகச் சேர்கிற எவரும் முதல் மாதம் அவள் பக்கத்தில் அமர்ந்துதான் தையல் பழகவேண்டும். ஆகவே, மேற்பார்வையாளர் பதவி அவளுக்குத்தான் என்று அனைவரும் நம்பினர்.

நேர்காணல் அறையில் அவளுக்கு எதிரே முதலாளியும் பணியாளர் துறை அதிகாரியும் இருந்தனர்.

"இவங்களையே போட்டுடலாமே?" என்றார் முதலாளி.

அதிகாரி தலை நிமிரவில்லை. "பத்தாவதுதான் சார் படிச்சிருக்காங்க. பட்டம் வேணும்னு இப்பதானே விதி கொண்டுவந்தோம்? தன்மேலயே முதலீடு பண்ணிக்காதவங்கமேல நாம எதுக்குப் பண்ணணும்?"

முதலாளி அவளைப் பார்த்தார். "ஏம்மா, மேல படிச்சிருக்கக் கூடாதா?"

"ஆசைதான் சார். ஒருத்தரைத்தான் படிக்கவைக்க முடியும்னு வீட்ல சொன்னாங்க. தம்பி படிக்கட்டும்னு நான் தைக்க வந்துட்டேன்."

"தம்பி உருப்பட்டானா?"

"பெரிய வேலையில இருக்கான் சார்."

"அப்புறம் என்ன கவலை? நீ வெச்ச மரம் உனக்கு நிழல் தராமப் போயிடுமா?" என்று முதலாளி சிரித்தார். அதிகாரி தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பதவி வேறொருவருக்கு என்று அங்கேயே முடிவாயிற்று.

அவள் படியிறங்கும்போது அதிகாரி பின்னாலேயே ஓடி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதேக்கா. கூடப்பிறந்தவளுக்குச் சலுகை காட்டிட்டான்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது பாரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

அவள் ஒருகணம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லமாட்டேன், சார்."