செவலையின் ரோஸ் கொம்பு

மாட்டுப் பொங்கலுக்கு இந்த வருஷம் கொம்புக்கு ரோஸ் கலர்தான் ஃபேஷனாம். அதைக் கேட்டதிலிருந்து செவலைக் காளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிப்பாட்டி, கொம்பு சீவி, பெயின்ட் அடித்து முடிக்கும்வரை ஈ மொய்த்தும் தலையை ஆட்டவில்லை.

முடிந்ததும் ஜோடி மாடான மயிலையிடம் கேட்டது: “எப்படிடா இருக்கு?”

மயிலை நிமிர்ந்து பார்த்தது. போன வருஷம் மிஞ்சிய டப்பாவிலிருந்து அதே நீலம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

“ரோஸ் உனக்கு எடுப்பா இருக்குடா.”

செவலை துள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தது. “என்னடா, நீலமாத் தெரியுது?”

“தண்ணியில எல்லாமே நீலமாத்தான்டா தெரியும்.”

“அதானே பார்த்தேன்!” செவலைக்கு உயிர் வந்தது. பிறகு மயிலையின் கொம்பைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

“நீதான்டா பாவம். உனக்குத் தண்ணிக்கு வெளியேயும் நீலம்.”