இரண்டு விரல் தெளிவு

எண்ணெய் மணல் சுரங்கத்தின் கழிவுக்குளத்திலிருந்து என் கணவர் ஒரு போத்தல் சேற்றுநீர் கொண்டுவந்து, ஒருமுறை குலுக்கி, தானாகத் தெளிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று பார்க்க யன்னலில் வைத்தார். மறுவாரம் இறந்துபோனார். மூன்று வருடங்களில் மேலே இரண்டு விரல் அளவு நீர் தெளிந்திருந்தது. அவருக்குப் பிறகு அதை யாரும் அசைக்கவில்லை.

வீட்டைக் காலிசெய்த நாளில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போக, அவருடன் வேலை செய்த குகதாசனின் காரில் ஏறினேன். முதல் பள்ளத்திலேயே சேறு மேலெழுந்தது.

"ரெண்டு சொட்டு மருந்து விட்டா சேறு உடன அடியில படிஞ்சிடும், அக்கா. நாங்கள் வேலையில செய்யிறதே அதுதானே."

"அவருக்கும் அது தெரியும், தம்பி. ஆனா மருந்து விடேல்லை. காரை நிப்பாட்டுங்கோ."

"பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் கனதூரம் கிடக்கு!"

இறங்கி, போத்தலை இரு கைகளாலும் பிடித்தபடி நடந்தேன். கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. சாலை இப்போது சமமாகத்தான் இருந்தது. என் கைகள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன.